ராக்கெட்டில் கிலோ வாடகை கிடையாது

கேள்வி: டி.கல்லுப்பட்டியில் நவதானியக் கடை வைத்திருக்கிறேன். மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு. வகுப்பில் 15 பேர் சேர்ந்து 1.2 கிலோ எடையில் ஒரு செயற்கைக்கோள் செய்கிறார்கள். அதை ராக்கெட்டில் ஏற்றிவிட ஒரு ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்கிறார். கிலோவுக்கு 5,500 டாலர் உலக ரேட், மீதி சர்வீஸ் சார்ஜ் என்கிறார். வீட்டுக்கு 40,000 ரூபாய். பாதியை இந்த மாதமே கட்டணுமாம். 500 கிலோமீட்டர் உயரம் என்பது இங்கிருந்து சென்னை போகிற தூரம்தானே, அதற்கு இவ்வளவு செலவா? குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வந்தால் குறையுமா?

பதில்: கட்டாதீர்கள். மீதியைப் படிக்க நேரமில்லை என்றாலும் அந்த 20,000 உங்கள் கல்லாவிலேயே இருக்கட்டும்.

தூரக் கணக்கில் தப்பில்லை. ஆனால் ராக்கெட்டுக்குச் செலவு உயரத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. 500 கிலோமீட்டர் மேலே கொண்டுபோய்ச் சும்மா விட்டால், எந்தப் பொருளும் கல் மாதிரித் திரும்பி விழும். விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமென்றால், பக்கவாட்டில் நொடிக்குச் சுமார் 7.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். மதுரை மாட்டுத்தாவணியில் கிளம்பி ஒரே நிமிடத்தில் சென்னையில் இறங்குகிற வேகம் அது. ஒரு கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றலைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு, அந்த ஓட்டத்தைக் கொடுப்பதற்கு ஆகிறது.

வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. எரிபொருள் முழுவதையும் ராக்கெட்டே சுமக்கிறது. அதைச் சுமக்க இன்னும் எரிபொருள், அதற்கும் மேலே இன்னும் கொஞ்சம். இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் பெரிய வகை தரையை விட்டுக் கிளம்பும்போது 320 டன். வடதென் துருவங்கள் வழியாகச் சுற்றும் துருவப் பாதையில் அது கொண்டுபோய் விடுவது 1,750 கிலோ. உங்கள் பாஷையில் சொன்னால், லாரியும் டீசலுமாக 320 மூட்டை எடை கிளம்பி, கடைசியில் இறங்குகிற சரக்கு ஒன்றேமுக்கால் மூட்டை. லாரியும் திரும்பி வராது. நான் ராக்கெட் வேலை பார்த்த காலத்தில், ஒரு சின்ன பிராக்கெட்டில் துளை போட்டு 30 கிராம் குறைக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசியிருக்கிறோம்.

சரி, ஏஜென்ட் சொன்ன ரேட்டுக்கு வருவோம். 5,500 டாலர் பொய் இல்லை; பாதி உண்மை. ஓர் அமெரிக்க நிறுவனம் பல செயற்கைக்கோள்களை ஒன்றாக ஏற்றும் பயணத்துக்குப் போட்ட கட்டணப் பட்டியலில் அந்த எண் இருந்தது. அதற்கு முந்தைய வரியை அவர் உங்களிடம் படிக்கவில்லை: முதல் 50 கிலோ வரை 2,75,000 டாலர், அதற்கு மேல் போனால்தான் கிலோவுக்கு 5,500. மதுரை கீழமாசி வீதியில் லாரிக்கு மூட்டை போடுகிறவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மினிமம் சார்ஜை மறைத்துவிட்டு ரேட்டை மட்டும் சொல்கிற புக்கிங் கிளார்க்கை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்!

ஒன்றேகால் கிலோவை ராக்கெட்காரர் நேரடியாக வாங்கிக்கொள்ள மாட்டார். இடையில் ஒரு நிறுவனம் மொத்தமாக இடம் பிடித்து, சில்லறையாக விற்கும். ஸ்பிரிங் வைத்து வெளியே தள்ளிவிடும் பெட்டிக்குத் தனிக் காசு. குலுக்கிப் பார்க்கும் சோதனை, காற்றில்லாத அறையில் சூடும் குளிரும் காட்டும் சோதனை, வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு, சுங்கம் என்று ஏறுகூலி இறக்குகூலி நீளும். இவ்வளவும் ஆறு லட்சத்தில் அடங்காது. பாதி வழியில் நிறுத்தி மறுபடி கேட்பார்கள். அப்போது போட்ட பணத்துக்காகவே மேலும் போடுவீர்கள்.

இன்னொன்று. ஏற்றும் தேதிக்குள் பிள்ளைகள் முடிக்கவில்லையென்றால், அதே எடைக்கு ஓர் உலோகக் கட்டியை அந்த இடத்தில் வைத்து அனுப்புவது உண்டு. ராக்கெட்டுக்கு எடைக் கணக்கு முக்கியம், உங்கள் மகள் முக்கியமில்லை. தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் ஒப்பந்தத்தை என்னிடம் காட்டினார்கள். ‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்ற வரி, ஏழாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில். கையெழுத்துப் போட்டவர் அதுவரை படிக்கவே இல்லை.

இதைவிட மோசம் பலூன் கும்பல். ஹீலியம் பலூனில் கட்டி 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பிவிட்டு, ‘விண்வெளிக்குச் செயற்கைக்கோள் அனுப்பிய மாணவி’ என்று சான்றிதழ் கொடுப்பார்கள். விண்வெளி என்று பொதுவாகக் கணக்கு வைப்பதே 100 கிலோமீட்டருக்கு மேல். பக்கவாட்டு வேகமோ பூஜ்யம். அந்தச் சான்றிதழைப் பள்ளி வரவேற்பறையில் பிரேம் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

வேகம் கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகும் என்பது உங்கள் பக்கத்து ஊருக்கே தெரியும். 2022 ஆகஸ்ட் 7-ல் இஸ்ரோவின் சின்ன ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் போன ஆசாதிசாட் என்ற மாணவிகள் செயற்கைக்கோளில், திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவிகளின் உழைப்பும் இருந்தது. ராக்கெட் கட்டம் கட்டமாக எரிந்து கழன்று விழும்; அதில் இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில், உணர்விகள் (சென்சார்கள்) கெட்டுப்போனதாக ராக்கெட்டின் கணினி தப்பாக முடிவு செய்தது. 356 கிலோமீட்டரில் வட்டமாகச் சுற்ற வேண்டியது, ஒரு பக்கம் 76 கிலோமீட்டர் வரை தாழ்ந்த பாதையில் விழுந்தது. அங்கே காற்று உண்டு, பொருள் தங்காது. 2023 பிப்ரவரி 10-ல் ஆசாதிசாட்-2 ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. உங்கள் ஏஜென்டிடம் ‘முதல் தடவை விழுந்தால் இரண்டாம் தடவை உண்டா’ என்று கேட்டுப் பாருங்கள்.

குலசேகரப்பட்டினம்: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகிற ராக்கெட், இலங்கைமேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகிறது, சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய அடி. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய குலசேகரப்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே போகலாம். லாபம் ராக்கெட்டுக்கு. உங்கள் 40,000 குறையும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் என்ன செய்வது? மகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் செயற்கைக்கோள் பெட்டி தனியாகப் பிரிந்து பறந்தே ஆக வேண்டுமா? பெரும்பாலான மாணவர் திட்டங்களுக்கு வேண்டியதில்லை. பி.எஸ்.எல்.வி.யின் நாலாம் கட்டம் வேலை முடிந்தபின் குப்பையாகச் சுற்றாமல், அதையே ஆய்வு மேடையாக மாற்றுகிறது இஸ்ரோ, பெயர் போயம். பெட்டியை அதிலேயே திருகி வைத்துவிடுவார்கள். மின்சாரமும், தரையோடு பேசும் வசதியும் மேடையே தரும். 2024 டிசம்பர் 30-ல் போனதில் 24 ஆய்வுக் கருவிகள். அதில் ஒன்றில் தட்டப்பயறு நாலு நாளில் முளைத்தது. உங்கள் கடைச் சரக்குதான்!

தனி ரேடியோ இல்லையென்றால் தனி அலைவரிசை வாங்கும் அலைச்சலும் இல்லை. ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு, கவனம். மகளின் ஆய்வே ரேடியோவைப் பற்றியதாக இருந்தால், மேடையில் திருகி வைத்தாலும் அலைவரிசை அனுமதி வேண்டும். ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோக்காரர்கள்) அலைவரிசைதானே, யாரும் கேட்க மாட்டார்கள் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கேட்பார்கள். ‘சும்மா ஒரு பீப் சத்தம்தான் சார்’ என்பார்கள். பீப்புக்கும் வேண்டும். ரேடியோவைப் பெட்டியில் வைத்து அணைத்தே வைத்திருப்போம் என்றால், பிறகு எதற்கு வைக்கிறீர்கள்? கழற்றிவிடுங்கள்.

மேடையில் இடம் கேட்க தரகர் தேவையில்லை. விண்வெளி வேலைகளில் இறங்கும் தனியாருக்கும் கல்லூரிகளுக்கும் அனுமதி தரும் மத்திய அரசின் இன்ஸ்பேஸ் அமைப்புக்குக் கல்லூரி நேரடியாக விண்ணப்பிக்கலாம். சீக்கிரம் நடக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். படிப்பு நாலு வருடம், கோப்பு அதற்கும் நிதானம். 2025 மே 18-ல் பி.எஸ்.எல்.வி. மூன்றாம் கட்டத்தில் தோற்ற மாதிரி ஏதாவது நடந்தால், வரிசையில் நிற்கிற எல்லோரும் பின்னால் போக வேண்டியதுதான். மூன்றாம் ஆண்டில் தொடங்கும் மாணவி ஏவுதலை வேலையிலிருந்து லீவு போட்டுத்தான் பார்ப்பாள். ஜூனியர் பிள்ளைகளையும் குழுவில் இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் மறுபடி போன் செய்தால் எந்த ராக்கெட், எந்தப் பாதை, ராக்கெட் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல் எங்கே என்று மட்டும் கேளுங்கள். கலர் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அதைக் கல்லூரி முதல்வருக்கு அப்படியே தள்ளிவிடுங்கள்.