ஷட்டவுன் வேலைக்கு எத்தனை ஆள் கேட்பது?

தம்பி, ஜூரோங் தீவில் அடுத்த ஷட்டவுனுக்கு (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு வேலைக்கு) உங்களை சூப்பர்வைசராகப் போடுகிறார்கள், ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சரைத் (வெப்பம் மாற்றும் கலனைத்) திறந்து மூட எத்தனை ஆள் கேட்கலாம், ஊரில் மாதிரி நாலு பேரைக் கூடவே கேட்டு வைக்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். சிங்கப்பூரில் ஆள் கணக்கைப் பெர்மிட்டிலிருந்துதான், அதாவது வேலைக்கான அனுமதிச் சீட்டிலிருந்துதான், தொடங்க வேண்டும்.

முதலில் ஸ்பேனரைத் தொடவே கூடாத ஆட்களை எழுதுங்கள். எக்ஸ்சேஞ்சரின் வெளிக்கூடான ஷெல்லுக்குள் ஆள் நுழைகிற வேலை என்றால் வாசலில் ஒரு அட்டெண்டன்ட் நின்றே ஆக வேண்டும். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கணக்கு வைப்பதும், ஆபத்து என்றால் குரல் கொடுப்பதும்தான் அவர் வேலை. "அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்கண்ணே" என்று அவரை அனுப்பி, சேஃப்டி ஆள் பார்த்துவிட்டால், பெர்மிட் போச்சு. வெல்டிங், கிரைண்டிங் இருந்தால் தீப்பிடிக்காமல் கவனிக்கிற ஃபயர் வாட்ச் ஆள் தனி. உள்ளே இருக்கிற குழாய்க் கட்டான பண்டிலை இழுக்கக் கிரேன் வந்தால் லிஃப்டிங் சூப்பர்வைசர், சுமையைக் கட்டுகிற ரிக்கர், சைகை காட்டுகிற சிக்னல்மேன். ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இவர்கள் எல்லாம் சும்மா நிற்கிற ஆட்களாகத்தான் தெரிவார்கள். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வேலையையும் எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் ஃபிட்டர்கள். போல்ட்டை அளவாக முறுக்குகிற ஹைட்ராலிக் டார்க் ரெஞ்ச் ஒரு செட்டுக்கு இரண்டு பேர் போதும்: ரெஞ்சைப் பொருத்த ஒருவர், பம்பில் ஒருவர். பம்ப் அழுத்தம் ஏறும்போது ரெஞ்சில் கை இருக்கவே கூடாது, விரல் போய்விடும். எதிரெதிர் போல்ட்டாக முதலில் முழு முறுக்கில் 30 சதவீதம், பிறகு 70, பிறகு 100, கடைசியில் வட்டமாக ஒரு சுற்று என்று போகிற வேலை. நடுவில் இன்னும் இரண்டு பேர் கை வைத்தால் வரிசை குழம்பும், நடுவில் ஒழுகாமல் அடைக்கிற கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கும், தண்ணீர் அழுத்தம் ஏற்றிப் பார்க்கிற ஹைட்ரோ டெஸ்டில் ஒழுகும். கூடுதல் ஆள் கிடைத்தால் இன்னொரு டார்க் செட்டோடு அடுத்த எக்ஸ்சேஞ்சருக்கு அனுப்புங்கள்.

அதற்காகக் குறைத்தும் கேட்காதீர்கள். தனி அனுமதி இல்லாமல் இங்கே ஒருவரை நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது; ஓவர்டைமும் மாதத்துக்கு 72 மணி நேரம்தான். தினமும் 4 மணி நேரம் ஓட்டினால் 18 நாளில் அது தீர்ந்துவிடும். ராப்பகல் வேலை என்றால் இரண்டு ஷிஃப்டுக்கும் முழு ஆள் வேண்டும்.

மாற்று அட்டெண்டன்ட் ஒருவரையும் மறக்காமல் கேளுங்கள். இருப்பவர் சாப்பிடப் போனால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் வெளியே வர வேண்டியதுதான்.