இயக்குநரும் தோட்டக்காரரும்: ‘காட்ஸ் அண்ட் மான்ஸ்டர்ஸ்’ கேள்வி பதில்

(1998இல் வெளிவந்த இந்தப் படத்தை இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்க: பதில்களில் முடிவும் வருகிறது.)

கேள்வி: இது உண்மைக் கதையா?

பாதி. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931) என்ற அரக்கன் படத்தை எடுத்த இயக்குநர் ஜேம்ஸ் வேல் பக்கவாதத்தால் தளர்ந்ததும், 1957 மே 29 அன்று தம் வீட்டு நீச்சல் குளத்தில் இறந்ததும் வரலாறு. தோட்டக்காரர் கிளேட்டன் பூன், கிறிஸ்டோஃபர் பிராம் எழுதிய நாவலில் பிறந்த கற்பனைப் பாத்திரம்.

கேள்வி: நடக்காத நட்பை வாழ்க்கை வரலாற்றில் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். நோய் வந்தபின் வேலின் தலைக்குள் பழைய நினைவுகள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. கேட்க ஒரு ஆள் வேண்டும். ஓவியம் வரைகிறேன் என்று கிளேட்டனை உட்காரவைத்துப் பேசுகிறார். வேல் தன்பாலின ஈர்ப்பாளர் என்று தெரிந்ததும் பூன் முரண்டுகிறார், கோபித்துக்கொண்டு போகிறார், பிறகு திரும்பி வருகிறார். அந்தத் திரும்பி வருதலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: பதுங்குகுழிக் காட்சிகள் எதற்கு?

வேல் முதல் உலகப் போரில் அதிகாரி. 1917இல் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். கைதி முகாமில்தான் நாடகம் போடப் பழகினார். அவருடைய திகில் படங்களின் வேர் அந்தச் சேற்றில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கேள்வி: வேலாக நடித்த இயன் மெக்கெல்லனுக்கு ஆஸ்கர் கிடைத்ததா?

இல்லை, பரிந்துரையோடு நின்றுவிட்டது. எனக்கு இன்றும் ஆறவில்லை. தழுவல் திரைக்கதைக்கான விருது இயக்குநர் பில் காண்டனுக்குக் கிடைத்தது.

கேள்வி: கடைசியில் பூன் மகனிடம் காட்டும் படம் என்ன?

வேலின் 1935ஆம் ஆண்டுப் படமான ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ தொலைக்காட்சியில் ஓடுகிறது. அதில் பார்வையற்ற முதியவர் ஒருவர் அரக்கனுக்கு அடைக்கலம் தந்து ‘நண்பன்’ என்ற சொல்லைக் கற்றுக்கொடுப்பார். இதை எடுத்தவரைத் தெரியும் என்று அப்பா சொல்வதை மகன் நம்பவில்லை. பூன் ஒரு தாளை எடுத்து நீட்டுகிறார். வேல் வரைந்த அரக்கனின் முகம். அதோடு, கிளேட்டனுக்கு என்று எழுதி, ‘நண்பனா?’ என்று ஒரு கேள்வி.

முந்தைய காட்சியோடு சேர்த்துப் பாருங்கள். கிளேட்டனைச் சீண்டிச் சீண்டித் தம்மைக் கொல்லவைக்கப் பார்க்கிறார் வேல். அரக்கர்களைப் படைத்தவர் கடைசியாக ஒருவனைத் தமக்கே படைக்கப் பார்க்கிறார். பூன் மறுத்து அழுகிறார். ‘நண்பனா?’ என்ற கேள்விக்கு அவர் தந்த பதில் அந்த மறுப்புதான்.

கேள்வி: பழைய படங்களையும் பார்க்க வேண்டுமா?

1935 படத்தை மட்டுமாவது முதலில் பாருங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான்.