மாறியை எதால் வகுப்பது?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதத்தில் நொதிவினைக்கான மைக்கேலிஸ்–மென்டன் மாதிரி வந்தது. எடுத்த எடுப்பிலேயே எல்லா மாறிகளையும் ஏதேதோ அளவுகளால் வகுத்து 'பரிமாணமற்றதாக', அதாவது அலகே இல்லாத வெறும் எண்களாக மாற்றிவிட்டார்கள். எதற்கு இந்த வேலை? எதால் வகுப்பது என்பது நம் இஷ்டமா?

பதில்: இஷ்டம்தான். ஆனால் எதால் வகுக்கிறீர்கள் என்பதில்தான் வேதியியல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறது, இதை வகுப்பில் நிதானமாகச் சொல்லித்தராமல் தாண்டிப்போவதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

முதலில் எளிய லாபத்தைப் பார்ப்போம். நொதி வினைபொருளைப் பிடிக்கிறது, இரண்டும் சேர்ந்த கூட்டு உண்டாகிறது, அது பழையபடி பிரியலாம் அல்லது விளைபொருளைத் தரலாம். மூன்று வேக மாறிலிகள், இரண்டு தொடக்கச் செறிவுகள், ஆக மொத்தம் 5. அலகுகளோ செறிவு, நேரம் என்று இரண்டே. சரியாக வகுத்தால் 3 எண்கள்தான் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்புகள் வைத்துக் கணினியில் ஓட்டினால் 1,00,000 தடவை ஓட்ட வேண்டியது 1,000 தடவையில் முடிந்துவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் நேரம். ஒரு கணக்கு போடுவோம்: நொதி 1 மைக்ரோமோலார் (இது செறிவின் அலகு), வினைபொருள் 1,000. பிடிக்கும் வேகம் ஒரு மைக்ரோமோலாருக்கு நொடிக்கு 1, பிரியும் வேகம் நொடிக்கு 90, விளைபொருளாகும் வேகம் நொடிக்கு 10. கடைசி இரண்டையும் கூட்டி முதலாவதால் வகுத்தால் மைக்கேலிஸ் மாறிலி, அதாவது 100 மைக்ரோமோலார். இங்கே கூட்டு உருவாகி நிலைபெறச் சில மில்லிநொடிகளே போதும், ஆனால் வினைபொருள் தீர்வதற்கோ இரண்டு நிமிடம்போல ஆகும். நேரத்தை எதால் வகுப்பது? மில்லிநொடியால் வகுத்தால் தொடக்கம் தெரியும், நிமிடத்தால் வகுத்தால் மீதிக் கதை தெரியும். இரண்டையும் தனித்தனியாகத் தீர்த்து நடுவில் ஒட்டவைக்க வேண்டும். கூட்டின் அளவு கிட்டத்தட்ட மாறவில்லை என்று வைத்து பிரிக்ஸ், ஹால்டேன் என்ற இரு விஞ்ஞானிகள் 1925-இல் எடுத்த குறுக்குவழி அந்த இரண்டாவது பகுதிக்குத்தான் பொருந்தும்.

சரி, அந்தக் குறுக்குவழி எப்போது செல்லும்? பாடப்புத்தகங்கள் பலவற்றில், நொதியை வினைபொருளால் வகுத்த விகிதம் சிறியதாக இருக்க வேண்டும் என்று இருக்கும். இப்போது வினைபொருளையும் 1 மைக்ரோமோலார் ஆக்குங்கள், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். விகிதம் 1, அப்படியென்றால் குறுக்குவழி செல்லாது என்றுதானே சொல்லத் தோன்றும்? ஆனால் செல்லும்! செகல், ஸ்லெம்ராட் என்ற இரு கணித ஆய்வாளர்கள் 1989-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பார்க்க வேண்டிய விகிதத்தில் கீழே வினைபொருளின் செறிவோடு மைக்கேலிஸ் மாறிலியையும் கூட்ட வேண்டும், அப்போது அது 1/101 ஆகிவிடுகிறது. வேதியியல் மாறவில்லை, நாம் வகுத்த எண்தான் பொருந்தாமல் இருந்தது.

அதனால் நான் பார்க்கும் முறை இதுதான்: ஒவ்வொரு மாறியும் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று தோராயமாகக் கணித்து அதால் வகுப்பேன். கூட்டை மொத்த நொதியால் வகுப்பதுதான் வழக்கம், ஆனால் மேலே சொன்ன இரண்டாவது கணக்கில் கூட்டு 0.01 மைக்ரோமோலாரைத் தாண்டவே தாண்டாது, அப்புறம் 1-ஆல் வகுத்து என்ன பயன்? வகுத்து முடித்ததும் ஒரு வரைபடம் போட்டுப் பாருங்கள். கோடு பூஜ்யத்தை ஒட்டியே படுத்துக் கிடந்தால் திரும்பிப் போய் வேறு அளவால் வகுங்கள்.