அம்புலன்ஸிலிருந்து பிஏ வேலைக்கு: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கொழும்பில் ஒரு தனியார் அம்புலன்ஸில் நாலு வருடம் ஓடினேன். பிறகு கிரீன் கார்ட் லொத்தரில் பெயர் விழுந்து அமெரிக்கா போனேன், அங்கேயும் முதலில் அம்புலன்ஸ்தான். இப்போது ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் பிசிஷியன் அசிஸ்டன்டாக, சுருக்கமாக பிஏவாக, இருக்கிறேன். மூன்று கிழமை லீவில் வெள்ளவத்தைக்கு வந்த இடத்தில், கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னேன், குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மட்டக்குளியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, பிஏ என்றால் டொக்டரா, நர்ஸா?

இரண்டும் இல்லை. நோயாளியைப் பரிசோதிப்பது, நோய் என்னவென்று தீர்மானிப்பது, மருந்து எழுதுவது, காயம் தைப்பது எல்லாம் செய்வோம், ஆனால் ஒரு டொக்டரோடு இணைந்துதான். எவ்வளவு தூரம் தனியாகப் போகலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இந்தத் தொழிலே அம்புலன்ஸ்காரருக்குக் கிட்டத்துச் சொந்தம்தான். 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற வைத்தியர் தொடங்கிய முதல் வகுப்பில் இருந்தவர்கள் கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்கள். கைப்பழக்கம் இருக்கிறது, பட்டம்தான் இல்லை என்ற ஆட்கள்.

பெயர் விஷயத்தில் மட்டும் கவனம். என் அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் "மகள் அங்கே போய் பிஏ முடித்தாள்" என்று சொல்லி வைத்திருக்கிறார். எதிர்வீட்டு மாமி என்னிடம் தமிழா வரலாறா என்று கேட்டார்.

தெமட்டகொடையிலிருந்து: 1990 சுவசெரிய என்ற இலவச அம்புலன்ஸ் சேவையில் ஐந்து வருடம் இஎம்டியாக (அவசர மருத்துவ உதவியாளராக) இருக்கிறேன். அந்த மணித்தியாலங்கள் கணக்கில் வருமா?

வரும். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு காஸ்பா என்ற பொது விண்ணப்பம் ஒன்று இருக்கிறது, வெளிநாட்டு வேலையையும் அதில் போடலாம். ஆயிரம் மணித்தியாலம் கேட்கும் கல்லூரியும் உண்டு, இரண்டாயிரம் கேட்பதும் உண்டு. ஐந்து வருட முழுநேர வேலை என்றால் உங்களிடம் அதைவிடப் பலமடங்கு இருக்கும். ஆனால் அந்த விண்ணப்பத்தில் "நோயாளிகளை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றேன்" என்று எழுதினால் நீங்கள் டிரைவர் என்று நினைத்துக்கொள்வார்கள். உங்கள் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். ஒக்சிஜன் கொடுத்தேன், சேலைன் ஏற்றினேன், சிபிஆர் செய்தேன், ஈசிஜி எடுத்தேன். செய்ததை மட்டும். தொடையில் பிளாஸ்டர் ஒட்டி அதில் பேனையால் பிரஷரும் பல்ஸும் எழுதுவோமே, ஷிஃப்ட் முடிய அதைக் கிழித்துக் குப்பையில் போடுவதற்கு முன், நோயாளியின் பெயர் விலாசம் இல்லாமல், என்ன மாதிரி கேஸ், நான் என்ன செய்தேன் என்று ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதி வையுங்கள். நான் எழுதவில்லை. பிறகு நாலு வருடத்தையும் ஞாபகத்திலிருந்து தோண்ட வேண்டியதாயிற்று. மேலதிகாரியின் தொடர்பு விபரத்தையும் இப்போதே வாங்கி வையுங்கள், அவர் மாறிப் போன பிறகு தேடித் திரிய வேண்டாம்.

இன்னொன்று, மணித்தியாலம் மட்டும் போதாது. பட்டம் வேண்டும், அதற்குள் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், இரசாயனம், புள்ளிவிபரவியல் என்று பாடங்கள் வேண்டும். சில கல்லூரிகள் அவற்றை அமெரிக்காவிலேயே படித்திருக்க வேண்டும் என்கின்றன, பழைய பாடங்களை ஏற்காத கல்லூரிகளும் உண்டு. எனக்கு இங்கே பட்டம் இருக்கவில்லை, அங்கே போய் முதலிலிருந்து. விமானத்தால் இறங்கிய நாளிலிருந்து லைசன்ஸ் கைக்கு வரும்வரை ஒன்பது வருடம்.

வத்தளையிலிருந்து: ஏஜென்ட் ஒருவர், சென்னையில் பிஏ டிகிரி செய்தால் அப்படியே அமெரிக்கா, கனடா போகலாம் என்கிறார். உண்மையா?

இல்லை. இந்த ஒரு பதிலுக்காகவே மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் லைசன்ஸ் எடுக்க பான்ஸ் என்ற பரீட்சை எழுத வேண்டும், 300 கேள்வி, ஐந்து மணித்தியாலம். அதில் உட்காரவே அந்த நாட்டில் அங்கீகரித்த பிஏ கல்லூரியில் படித்து முடித்திருக்க வேண்டும். வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்த டொக்டரே நேரே போய் எழுத முடியாது. கனடாப் பரீட்சைக்கு கனடா அல்லது அமெரிக்காவின் அங்கீகரித்த கல்லூரி வேண்டும்.

சென்னைப் படிப்பைக் குறை சொல்லவில்லை. இந்தியாவில் இது 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில்தான் தொடங்கியது, இருதய அறுவைச் சிகிச்சைப் பக்கம் நல்ல கைகாரர்கள் வந்திருக்கிறார்கள். இந்தியாவில் வேலை செய்வதென்றால் சரி. அமெரிக்காவுக்கு அது ஒரு இளங்கலைப் பட்டம் மட்டும், அதை வைத்து மறுபடி பிஏ கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலில் நாடு, அப்புறம் டிகிரி. தலைகீழாகச் செய்த இரண்டு பேரை எனக்குத் தெரியும், இரண்டு பேரும் இப்போது வேறு வேலை.

தெஹிவளையிலிருந்து: லண்டனில் அண்ணா இருக்கிறார். அங்கே பிஏ எப்படி?

இப்போதைக்கு அந்தப் பக்கம் புயல். 2024 டிசம்பரில்தான் டொக்டர்களைப் பதிவுசெய்யும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் பிஏக்களையும் பதிவுக்குள் கொண்டு வந்தது. அரசாங்கம் கேட்டு லெங் என்ற பேராசிரியர் எழுதி 2025-இல் வந்த அறிக்கை, பெயரை பிசிஷியன் அசோசியேட்டிலிருந்து பிசிஷியன் அசிஸ்டன்டுக்கு மாற்றச் சொன்னது, நோய் என்னவென்று இன்னும் தெரியாத நோயாளிகளை அவர்கள் முதலில் பார்ப்பதையும் மட்டுப்படுத்தச் சொன்னது. மருந்து எழுதும் உரிமையும் அங்கே பிஏவுக்கு இல்லை. ஆனால் அம்புலன்ஸில் வேலை செய்யும் பரமெடிக்குகளில், மேல்நிலைப் பயிற்சி எடுத்தவர்களுக்கு 2018-இலிருந்து இருக்கிறது! உங்கள் இடத்தில் நான் இருந்தால் பரமெடிக்காகவே பதிந்து அந்த ஏணியில் ஏறப் பார்ப்பேன்.

ஹட்டன்காரர், இப்போது கொட்டாஞ்சேனையில்: நம் நாட்டில் ஏன் இப்படி ஒரு வேலை இல்லை?

இருந்ததே! அப்போதிக்கரி என்று உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். கிராமத்து ஆஸ்பத்திரியில் உதவி வைத்திய அதிகாரி, தோட்டத்து டிஸ்பென்சரியில் ஈஎம்ஏ என்ற தோட்ட வைத்திய உதவியாளர், இவர்கள் எல்லாம் எம்பிபிஎஸ் இல்லாமல் நோய் பார்த்து மருந்து கொடுத்தவர்கள்தான். இப்போது பிஏ என்ற பெயரில் இங்கே பதிவும் இல்லை, பதவியும் இல்லை. அதனால் படித்துவிட்டுத் திரும்பி வந்து கொழும்பில் வேலை செய்வேன் என்ற கணக்கு சரிவராது. நான் இங்கே வந்தால் லீவில் வந்த பிள்ளை மட்டும்தான்.

தெமட்டகொடைத் தம்பியே மறுபடி: எது கஷ்டம்? பாடமா?

பாடம் கஷ்டம்தான், ஏறக்குறைய 27 மாதம், முதல் பாதியில் நெருப்புக் குழாயில் தண்ணீர் குடிப்பது மாதிரி. ஆனால் என்னை அடித்தது வேறு. வார்டுப் பயிற்சியின் முதல் கிழமை, தலைச்சுற்றோடு ஒரு வயதான அம்மா. நாலு நிமிடத்தில் பிரஷர், சுகர், ஈசிஜி எல்லாம் எடுத்து, சேலைனுக்கும் கை நீட்டிவிட்டேன். மேற்பார்வையாளர் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தார். "இவரை நீ இனி எங்கேயும் ஏற்றிக்கொண்டு போகப்போவதில்லை, இங்கேதான் இருக்கப்போகிறார். சரி, என்ன நோய்?" என்றார். ஒன்று சொன்னேன். ஆறு சொல் என்றார். மூன்றுக்கு மேல் வரவில்லை.

அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த அம்மாவின் கைப்பையைக் கேட்டார். உள்ளே இரண்டு மருந்துப் போத்தல்கள். ஒன்றில் நோர்வாஸ்க், மற்றதில் அம்லோடிபின். இரண்டும் ஒரே பிரஷர் மருந்து, கடைப்பெயர்தான் வேறு. இரண்டையும் காலையில் ஒன்றாகப் போட்டு வந்திருக்கிறார்.

அம்புலன்ஸில் நமக்குக் கேள்வி "இப்போது என்ன செய்ய வேண்டும்" என்பது. கொழும்பின் காலி வீதி (Galle Road) நெரிசலில் அந்தக் கேள்விதான் உயிரைக் காப்பாற்றும். இங்கே "வேறு என்னவாக இருக்கலாம்" என்று கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும், கை சும்மா இருக்க வேண்டும். எனக்கு அது பழக ஒரு வருடம் போனது. பதினைந்து பேர் கொண்ட எங்கள் குழுவில் அம்புலன்ஸிலிருந்து வந்த மூன்று பேருக்கும் இதே வருத்தம். ஆனால் நோயாளி கண்முன் சரியும்போது பதறாமல் நின்றதும் அதே மூன்று பேர்தான்.

பம்பலப்பிட்டியிலிருந்து: செலவு? 34 வயது, பிந்திவிட்டதா?

வயது பிரச்சினையே இல்லை, என் வகுப்பில் 41 வயதில் ஒருவர் இருந்தார். செலவுதான் பிரச்சினை. பிஏ கல்லூரி மட்டுமே ஒரு லட்சம் டொலரைத் தாண்டுவது சாதாரணம், படிக்கும் காலத்தில் வேலைக்குப் போக நேரமும் இருக்காது. கிரீன் கார்ட் இருந்தால் அரசாங்கக் கல்விக் கடன் கிடைக்கும், மாணவர் விசாவில் போனால் அது இல்லை. வீட்டை ஈடு வைத்துப் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. முதலில் அந்தப் பாடங்களில் ஒன்றிரண்டை எடுத்துப் பாருங்கள், இரசாயனத்தில் எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.