1920 அகல மானிட்டர் 1536 என்று காட்டினால்

மானிட்டரிலும் கேபிளிலும் கோளாறு இல்லை. உங்கள் பில்லிங் புரோகிராம் டிபிஐ அறியாத, அதாவது திரையின் பெரிதாக்கும் விகிதத்தைக் கணக்கில் எடுக்காத, புரோகிராமாக ஓடுகிறது. அதனால் விண்டோஸ் அதற்குச் சுருக்கிய அளவைத்தான் சொல்கிறது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடையில், வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்த 1920×1080 மானிட்டரை, திரைகளின் அளவைப் புரோகிராமுக்குச் சொல்லும் ஸ்க்ரீன்.ஆல்ஸ்க்ரீன்ஸ் 1536×864 என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 1536-ஐ 1.25-ஆல் பெருக்குங்கள், 1920 வரும். அந்த மானிட்டரின் ஸ்கேலிங் (பெரிதாக்கும் விகிதம்) 125% ஆக இருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்க: டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அதை மட்டும் 100% ஆக்கி, புரோகிராமை மூடித் திறந்து பாருங்கள். 1920 வந்தால் காரணம் உறுதி. அப்புறம் 125%-க்கே மாற்றிவிடுங்கள். கிராமும் விலையும் எதிரே நிற்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

நீங்கள் சொன்ன டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8-க்குத் தீர்வு:

1. புரோகிராமின் அமைப்புக் கோப்பான ஆப்.கான்ஃபிக்கில் விண்டோஸ் ஃபார்ம்ஸ் பகுதியைச் சேர்த்து, டிபிஐஅவேர்னெஸ் மதிப்பை பெர்மானிட்டர்வி2 (ஒவ்வொரு மானிட்டரின் விகிதத்தையும் தனித்தனியே அறிவது) என்று கொடுங்கள்.

2. புரோகிராம் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில், விண்டோஸ் 10 ஆதரவு வரியின் கமென்ட் குறியை மட்டும் நீக்கிவிடுங்கள். அங்கே டிபிஐஅவேர் வரியையும் எழுதினால் அது ஆப்.கான்ஃபிக்கை மீறிவிடும். பலர் சிக்குவது இங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. இதற்குப் பிறகு விண்டோஸ் உங்களுக்காகப் பெரிதாக்கித் தராது. பிக்சல் கணக்கில் நீங்களே வரைந்த எடைப் பெட்டி, கிரிட் பத்தி அகலம் எல்லாம் சிறுத்துத் தெரியலாம்; ஒவ்வொரு ஃபார்மையும் திறந்து பாருங்கள்.

இரண்டாவது மானிட்டர் முதன்மை மானிட்டருக்கு இடப்பக்கம் இருந்தால் பவுண்ட்ஸ்.எக்ஸ் (அதன் இடது ஓரம் தொடங்கும் இடம்) மைனஸில் வரும், அது சரிதான். ஃபார்மின் ஸ்டார்ட்பொசிஷனை மேனுவல் ஆக்கிவிட்டு, ஃபார்ம் தொடங்கும் இடமாக அந்த எண்ணையே அப்படியே கொடுங்கள்.