மே மாசம் எடுத்த ரிப்பன் பில்டிங் படம் ஏன் சப்புன்னு இருக்கு?

ஒரு தம்பி கேட்டிருக்கார்: "மே மாச லீவுல சென்னை ரிப்பன் பில்டிங்கையும் சென்ட்ரல் ஸ்டேஷனையும் போய் எடுத்தேன். க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ். நேர்ல அவ்ளோ அழகா இருக்கு, படத்துல சப்புன்னு இருக்கு. டவர் பின்னாடி சாயற மாதிரி தெரியுது, கான்ட்ராஸ்ட் ஸ்லைடரை ஏத்தினா வானம் வெளுத்துப்போகுது. என்ன பண்ணணும்?"

தம்பி, உங்க கேமராலயும் குறை இல்ல லென்ஸ்லயும் குறை இல்ல, நீங்க போன மாசம்தான் பிரச்சனை. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு, அதனால ஏப்ரல் கடைசிவாக்குல சூரியன் நம்ம தலைக்கு மேல வந்து அப்புறம் வடக்குப் பக்கம் போயிடும், ஆகஸ்ட் நடுவுலதான் திரும்ப தெற்கே இறங்கும். இந்த நாலு மாசமும் நேர் தெற்கு பார்த்த சுவர்மேல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நேரடி வெயில் படவே படாது. ரிப்பன் பில்டிங், சென்ட்ரல் ரெண்டுமே பூந்தமல்லி ஹை ரோடு பக்கம், அதாவது ஏறக்குறைய தெற்கு பார்த்து நிக்குது. அப்ப மே மாசம் நீங்க எடுத்தது வெயில் பட்ட கட்டடம் இல்ல, பளிச்சுன்னு எரியற வானத்துக்கு முன்னாடி நிழல்ல நிக்கற கட்டடம். அங்க ஸ்லைடரை ஏத்தினா ஏற்கனவே வெளுப்பா இருக்கற வானம்தான் இன்னும் வெளுக்கும், சுவர்ல இல்லாத நிழல் எங்கருந்து வரும்?

இதே இடத்துக்கு டிசம்பர்லயோ ஜனவரிலயோ காலைல ஏழேகால் மணிக்குப் போய் நில்லுங்க. சூரியன் தென்கிழக்குல இருந்து வரும், சுவரை நேரா அடிக்காம பக்கவாட்டுல உரசிக்கிட்டு போகும். ஒவ்வொரு தூணுக்கும் பக்கத்துல ஒரு நிழல், ஒவ்வொரு வளைவுக்குள்ளயும் ஒரு இருட்டு, அந்த 1913ல திறந்த வெள்ளைக் கட்டடம் அப்பதான் உருண்டு திரண்டு தெரியும். எட்டரை மணி வரைக்கும் இந்த வெளிச்சம் உங்களுக்கு உதவும். சாயங்காலம் மூணரை மணிக்கு மேல அதே மாதிரி மேற்குல இருந்து கிடைக்கும். கட்டட போட்டோல கான்ட்ராஸ்ட்னு நான் சொல்றது இதைத்தான்.

நெட்ல படிக்கற டிப்ஸ் நிறைய வெளிநாட்டு ஊர்களை மனசுல வச்சு எழுதினது, அதை அப்படியே எடுத்துக்காதீங்க. தங்க நிற வெளிச்சம் கிடைக்கற கடைசி நேரத்தையே எடுத்துக்கங்க: லண்டன்ல ஜூன் மாசம் சூரியன் மறையறதுக்கு முன்னாடி கடைசி 6 டிகிரி இறங்கறதுக்கு 50 நிமிஷம் வாக்குல ஆகும், இங்க 25 நிமிஷத்துல முடிஞ்சுடும். அதனால எடுக்கற நேரத்துல போய் நின்னு இடம் தேடக்கூடாது, முந்தின நாளே பார்த்து வச்சிடணும்.

மே, ஜூன்லயே எடுத்தாகணும்னா கிழக்கு பார்த்த கட்டடத்துக்குப் போங்க. காமராஜர் சாலைல கடலைப் பார்த்து நிக்கற பிரசிடென்சி காலேஜ், செனட் ஹவுஸ் பக்கம் காலைல ஆறு மணிக்கெல்லாம் தங்க நிறத்துல வெயில் விழும். இல்ல ரிப்பன்தான் வேணும்னா சூரியன் மறைஞ்சு 15, 20 நிமிஷம் கழிச்சு எடுங்க, கட்டடத்துல லைட் போட்டிருந்தா அந்த லைட்டும் நீல வானமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சத்துல இருக்கும், அஞ்சாறு நிமிஷம்தான் அது. ட்ரைபாட், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் ரெண்டு மூணு செகண்ட்ல ஆரம்பிச்சு பார்த்துப் பார்த்து ஏத்துங்க.

வெள்ளைக் கட்டடத்துல இன்னொண்ணு. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல் நிறமாத்தான் கணக்குப் போடும், ஃப்ரேம் முழுக்க வெள்ளையா இருந்தா அதை அழுக்காக்கி வைக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்குப் போட்ட வெளிச்சத்தை நாம கூட்டிக் குறைக்கற வசதி) பாயிண்ட் 7ல இருந்து 1 வரைக்கும் கூட்டுங்க, ஆனா ஹிஸ்டோகிராம் (படத்துல இருட்டும் வெளிச்சமும் எவ்ளோன்னு காட்டற வரைபடம்) வலது ஓரத்துல போய் முட்டக்கூடாது, முட்டினா சுவர்ல இருக்கற நுணுக்கமெல்லாம் போயிடும். JPEG வேண்டாம், RAW ஃபைலா எடுங்க.

இப்ப டவர் சாயற விஷயம். கேமராவை மேல தூக்கினா செங்குத்துக் கோடெல்லாம் மேல போகப் போக கிட்டக்க வரும், அதான் பின்னாடி விழற மாதிரி தெரியுது. கேமராவை மட்டமா வச்சுக்கிட்டு பின்னாடி நகரணும், முதல்ல பண்ண வேண்டியது அதுதான். கணக்கு சொல்றேன்: ரிப்பன் டவர் சுமார் 43 மீட்டர் உயரம், உங்க 18 எம்எம்ல கேமராவை நெட்டுக்குத்தா பிடிச்சா 65 மீட்டர் வாக்குல தள்ளி நின்னா மட்டமாவே உச்சி வரைக்கும் அடங்கும், படுக்கையா பிடிச்சா கிட்டத்தட்ட 95 மீட்டர் வேணும். அதனால நெட்டுக்குத்தா பிடிங்க, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்க. முடியலன்னா கொஞ்சமா தூக்கி எடுத்துட்டு சாஃப்ட்வேர்ல நிமிர்த்துங்க, ஆனா ரெண்டு பக்கமும் தாராளமா இடம் விட்டு எடுங்க, நிமிர்த்தும்போது ஓரம் வெட்டுப்படும்.

மட்டமா வச்சா ஃப்ரேம்ல கீழ்ப்பாதி பூரா வெறும் ரோடு வரும், இங்கதான் காம்போசிஷன் ஆரம்பிக்குது, நிறைய பேர் இந்த இடத்துலதான் விட்டுடறாங்க. அந்தப் பாதிக்கு ஒரு வேலை குடுங்க. நவம்பர் மழைல ரோட்டுல தேங்கின தண்ணில டவர் தலைகீழா தெரியும், கேமராவைத் தரையோட இறக்கிப் பிடிச்சா போதும். ராத்திரின்னா பஸ் லைட்டெல்லாம் நீளக்கோடா ஓடும். ஒண்ணுமே அமையலன்னா தயங்காம கீழ வெட்டிடுங்க. ஆட்டோ, மரக்கிளை, கேபிள் எதுவும் டவர் விளிம்பைத் தொடாம ரெண்டடி இடம் வலம் நகர்ந்து பாருங்க, எனக்கு லென்ஸ் மாத்தறதைவிட அந்த ரெண்டடிதான் அதிகமா உதவியிருக்கு.

அண்ணா சாலை எல்ஐசி மாதிரி 177 அடி கட்டடத்துக்குக் கிட்ட நின்னு மேல பார்த்து எடுக்கறதும் தப்பில்ல. ஆனா எடுத்தா கழுத்து வலிக்கற அளவு முழுசா நிமிர்த்தி எடுங்க, லேசா சாய்ஞ்சா தெரியாம எடுத்த மாதிரி இருக்கும்.

கடைசியா சென்ட்ரலும் பக்கத்துல விக்டோரியா ஹாலும். ரெண்டும் சிவப்பு. கலர்ல மரத்துக்குப் பக்கத்துல எடுப்பா தெரியும், கருப்பு வெள்ளைக்கு மாத்தினா சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகி சுவரும் மரமும் ஒட்டிக்கும். அப்ப கான்ட்ராஸ்ட் ஸ்லைடரைத் தொடாதீங்க. கருப்பு வெள்ளை மிக்ஸ்ல சிவப்பைக் கூட்டி, பச்சையையும் நீலத்தையும் குறைங்க, செங்கல் வெளுத்து மரம் கறுக்கும். வானமும் கறுக்கணும்னா அன்னிக்கு வானம் நிஜமாவே நீலமா இருக்கணும், புகைமூட்டமா இருந்தா எதைக் குறைச்சாலும் வராது. மழை நின்ன மறுநாள் காலைல போங்க, அப்பதான் சென்னைல வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும். ஸ்டேஷனுக்குள்ள போய் எடுக்கறதா இருந்தா மட்டும் ட்ரைபாடை விரிக்கறதுக்கு முன்னாடி அனுமதி கேட்டுக்கங்க.