சீனக் குதிரையும் தமிழ் மாவும்

கேள்வி: சங்க இலக்கியத்தில் 'மா' என்றால் குதிரை, சீன மொழியிலும் 'மா' என்றால் குதிரை, ஆகவே சீனம் தமிழிலிருந்து பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா? (திருவாரூர் வாசகர்)

பதில்: இரண்டு மொழியிலும் குதிரைக்கு 'மா' உண்டு, அது சரிதான். ஆனால் நம்முடைய 'மா' முதலில் பொதுவாக விலங்கைக் குறித்த சொல். 'மாவும் மாக்களும் ஐயறி வினவே' என்கிறது தொல்காப்பியம். பரிமா குதிரை, அரிமா சிங்கம், கைம்மா யானை. சீனத்தின் 'மா'வோ குதிரை மட்டும்தான், அதுவும் குரலைத் தாழ்த்தி உயர்த்திச் சொன்னால்தான். குரலை ஒரே உயரத்தில் நிறுத்தினால் அம்மா, சட்டென்று இறக்கினால் திட்டுவது. இன்னொன்று, பழைய சீனத்தில் அந்தச் சொல் ஏறக்குறைய 'ம்ரா' என்று ஒலித்திருக்கும் என்று மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். உறவுள்ள சொற்கள் என்றால் பின்னோக்கிப் போகப் போக நெருங்க வேண்டும், இவை விலகிப் போகின்றன.

'ம'வும் 'ஆ'வும் குழந்தை முதலில் எழுப்பும் எளிய ஒலிகள், கிட்டத்தட்ட எல்லா மொழியிலும் இருக்கின்றன. அதனால் இந்த ஓரெழுத்துச் சொல்லை ஒவ்வொரு மொழியும் தன் போக்கில் ஏதோ ஒன்றுக்கு வைத்துக்கொண்டது. இத்தாலியனில் 'மா' என்றால் 'ஆனால்', எஸ்தோனியனில் 'நான்', ஹங்கேரியனில் 'இன்று' (இதில் ஒலி கொஞ்சம் குறுகும்), ஜப்பானியத்தில் இடைவெளி. அம்மாவுக்காவது எங்கும் 'மா' வரும் என்று நினைத்தால், ஜார்ஜியாவில் 'மாமா' என்று கூப்பிடுவது அப்பாவை!

ஃபின்னிஷில் 'மா' என்றால் நிலம். உங்கள் டெல்டாவில் இன்றும் 'ரெண்டு மா நடவு' என்கிறார்கள் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு யாராவது பின்லாந்துக்கும் பாலம் போட்டுவிடுவார்கள். நம் நிலக்கணக்கின் மா ஒரு பின்னம், இருபதில் ஒன்று. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி.

தமிழின் 'மா' ஒன்றுக்கே விலங்கு, பெரிய, மாமரம், நில அளவு என்று எத்தனை பொருள்! யாழ்ப்பாணத்தில் கோதுமை மா, அரிசி மா என்பார்கள், நாம் மாவு என்கிறோம். இந்த வளத்துக்குச் சீனத்தின் சாட்சி எதற்கு?

சொல் உண்மையிலேயே கடல் கடந்த கதை வேண்டுமென்றால் மாங்காயை எடுங்கள். மலாயில் மங்கா, போர்த்துகீசியத்தில் மங்கா, ஆங்கிலத்தில் மேங்கோ. ஒலியும் பொருளும் சேர்ந்தே வருகின்றன, பழத்தையும் சொல்லையும் ஏற்றிப்போன கப்பல் வழியும் நமக்குத் தெரியும்.